புவென்தே என்றால் பாலம்

ஸ்பானிய மொழியில் 'புவென்தே' என்றால் பாலம். கலிபோர்னியாவின் ஹேவர்ட் நகரில், சாபோ கல்லூரியில் 1981இல் தொடங்கிய ஒரு திட்டத்துக்கு அதுதான் பெயர். ஃபீலிக்ஸ் கலாவிஸ் என்ற ஆலோசகரும் பாட்ரீசியா மெக்ராத் என்ற ஆங்கில ஆசிரியரும் லத்தீன் அமெரிக்கக் குடும்பத்துப் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல்களை உட்கார்ந்து புரட்டினார்கள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய பிள்ளைகள். ஆலோசகர் அறைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை, எழுத்து வகுப்பிலும் சேர்வதில்லை. ஆகவே எழுத்து வகுப்பையும் ஆலோசனையையும் சேர்த்துக் கொடுத்தார்கள். கூடவே, அந்தச் சமூகத்திலிருந்தே வேலை பார்க்கும் ஒருவரை வழிகாட்டியாக இணைத்தார்கள்.

எனக்குப் பிடித்தது இந்த வழிகாட்டி சமாச்சாரம்தான். நான் கட்டடப் பொறியாளர். ஒரு கோடையில் எங்கள் அலுவலகத்துக்குப் பயிற்சிக்காக ஒரு பையன் வந்தான். அப்பா மெக்சிகோவிலிருந்து வந்து கான்கிரீட் போடுபவர். பையன் என்னை 'மிஸ்' என்பான், கேட்டால்தான் பேசுவான். நான் என்ன செய்தேன் தெரியுமா? மூன்று வாரம் நகல் எடுக்க வைத்தேன். சிரிக்காதீர்கள், உங்கள் அலுவலகத்திலும் அதுதானே நடக்கிறது!

ஒருநாள் என் மேசையில் கிடந்த வரைபடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். "மிஸ், இந்தச் சந்துக்குள்ள கலவை லாரி நுழையாதே. பம்பு வெச்சாத்தான் உண்டு" என்றான். பம்பு வாடகை என் மதிப்பீட்டில் இல்லவே இல்லை. எப்படித் தெரியும் என்று கேட்டேன். சனிக்கிழமைகளில் அப்பாவோடு வேலைக்குப் போவானாம். அதுவும் பொறியியல்தான் என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை. அப்பாவிடமும் சொன்னதில்லை. மறுநாளிலிருந்து அவனைச் சைட்டுக்குக் கூட்டிப் போனேன்.

காசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சம்பளமில்லாத பயிற்சி என்றால் அவன் வந்தே இருக்க மாட்டான். இரவில் உணவகத்தில் தட்டு கழுவி, வீட்டு வாடகைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். மணிக் கணக்கில் சம்பளம் கொடுத்ததால்தான் வந்தான்.

ஹேவர்ட் பக்கம் வேலை பார்க்கும் நேயர்களே, வரும் கோடையில் இப்படி ஒரு பிள்ளைக்கு உங்கள் அலுவலகத்தில் ஒரு நாற்காலி போடுங்கள். நகல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.