தலையெழுத்தை மாற்றிய கையெழுத்து



மேடையேறுமுன் இளைஞர் ஒருவர் என் கையைப் பற்றினார். துணியில் சுற்றி வைத்திருந்த படமொன்றை எடுத்துக் காட்டினார். அமெரிக்கக் குடியரசுத் தலைவராயிருந்த கென்னடியின் படம், கீழே கையெழுத்து. "அண்ணே, இது மெய்யா, பொய்யா?" என்று கேட்டார். பெரும்பொருள் கொடுத்து வாங்கியிருக்கிறார். முகத்திலே கவலை!

நான் என்ன சொல்வேன்? கென்னடியின் பெயரை எழுதியவர் கென்னடி மட்டுமல்லவே! செயலாளர்கள் எழுதினர், இயந்திரமும் எழுதிற்று! பேனாவைப் பிடித்த இரும்புக் கரம், அச்சு வார்ப்பின் வழியே ஓடி, ஓய்வின்றிக் கையெழுத்திடும். சார்லஸ் ஹாமில்டன் என்ற கையெழுத்து வல்லுநர் 1965-இல் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

உங்கள் பெயரை இருமுறை எழுதுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒளியிலே பிடியுங்கள். முழுதும் பொருந்தாது. மனிதக் கை அப்படி! அணுவும் பிசகாமல் பொருந்தினால், அது இயந்திரத்தின் வேலை.

ஆனால் தோழர்களே, மெய்யா பொய்யா என்பதோடு முடிந்துவிடுமா கேள்வி? அந்தக் கை வேறு எதிலே கையெழுத்திட்டது, எவருக்காக இட்டது என்று கேட்க வேண்டாமா?

ஆபிரகாம் லிங்கன் காலத்திலே, அட்டையில் ஒட்டிய சிறு படங்களைச் சேர்ப்பது பெரும் மோகம். அவரும் தம் படங்களிலே கையெழுத்திட்டுத் தந்தார். ஆயினும் அவர் கையை உலகு நினைப்பது அதற்காகவா? 1863 சனவரி 1. புத்தாண்டு வாழ்த்துக் கூற வந்தோரிடம் மணிக்கணக்கில் கைகுலுக்கி, விரல்கள் மரத்துப்போயின. எதிரே அடிமை விடுதலைப் பிரகடனம்! கை நடுங்கினால், தயங்கினான் லிங்கன் என்று நாளை பேசுவார்களே என எண்ணினார், பேனாவைக் கீழே வைத்தார், பிறகு எடுத்தார், நிதானமாக, உறுதியாக எழுதினார். அது தாளில் விழுந்த மையா? அல்ல! தலைமுறை தலைமுறையாய்ப் பூட்டிய விலங்கின்மீது விழுந்த சம்மட்டி!

1864-இல் அப்பிரகடனத்தின் அச்சுப் பிரதிகள் 48-இல் அவர் கையெழுத்திட்டார். பிலடெல்பியாக் கண்காட்சியிலே விலை 10 டாலர். பணம் எவருக்கு? போரிலே காயமுற்ற வீரருக்கு! அவற்றில் ஒன்று 2010-இல் 30 லட்சம் டாலருக்கு மேல் விலை போயிற்று. படத்துக்கு அழகு சட்டம். கையெழுத்துக்கு மதிப்பு செயல்!

இங்கேயும் பார்த்தோம். காந்தியார் கையெழுத்துக்குப் பணம் கேட்டார். அரிசன நிதியில் சேர்த்தார். பெரியார் கையெழுத்துக்கும் காசு கேட்டார், உடன்நின்று படமெடுக்கவும் காசு கேட்டார். கஞ்சன் என்று சிரித்தனர் சிலர். அந்தக் காசு இயக்கத்தை வளர்த்தது. சிரித்தவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அவ்வியக்கம் உழைத்தது!

படம் சேர்க்கும் தம்பி! சேர்ப்பது குற்றமல்ல, அன்பின் அடையாளம் அது. ஆனால் படத்தை மாட்டிவிட்டுப் பாதையை மறந்தால், பகுத்தறிவாளன் வீட்டிலே பூசையறை புகுந்துவிட்டதென்று பொருள்! தலைவனின் கையெழுத்தைத் தேடும் நீ, உன் கையெழுத்தை எங்கே இடப்போகிறாய்?

அடுத்த படத்துக்குச் சேர்த்து வைத்த பணத்தை உன் ஊர்ப் படிப்பகத்துக்குக் கொடு. நூல்கள் வாங்கட்டும். நன்கொடைப் புத்தகத்திலே உன் பெயரை நீயே எழுது. அந்தக் கையெழுத்து மெய்யா, பொய்யா என்று எவரும் கேட்கமாட்டார்!