வரிச்சலுகையும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

(தோட்டக் குடும்பங்களின் மட்டக்களப்புச் சுற்றுலாவின்போது காத்தான்குடியில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



காத்தான்குடிக் கடைகளில் சாரத்துக்கும் சேலைக்கும் பேரம் பேசிவிட்டு வந்திருக்கிறோம். நாடுகளுக்கு இடையிலும் பேரம் உண்டு. அதில் ஒன்று நம் வீடுகளையும் தொடுகிறது. அதுதான் ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை.

வளர்ந்துவரும் நாடுகள் அனுப்பும் சாமான்களுக்குப் பணக்கார நாடுகள் சுங்க வரியைக் குறைப்பதே இந்தச் சலுகை. அது சும்மா கிடைக்கவில்லை. 1964இல் ஜெனீவாவில் நடந்த ஐ.நா. வர்த்தக, அபிவிருத்தி மாநாட்டில் 77 நாடுகள் சங்கம் சேர்ந்ததுபோல ஒன்றாக நின்றன. 1968இல் புதுடில்லி மாநாடு இணங்கியது. 1971இல் ஐரோப்பா சலுகை கொடுக்கத் தொடங்கியது. அந்த ஐ.நா. அமைப்பை 1974 முதல் 1984 வரை தலைமை தாங்கி நடத்தியவர் நம் நாட்டவரான கமனி கொரயா.

இலங்கைக்கு பிளஸ் சலுகை 2005இல் கிடைத்தது. ஐரோப்பாவுக்குப் போகும் உடுப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு முழு வரி 12 வீதம். சாதாரண சலுகையில் 9.6 வீதம். பிளஸ் இருந்தால் வரியே இல்லை. 100 ரூபாய்ச் சட்டையில் பத்து ரூபாய் கூடினால் வாங்குகிறவர் வேறு நாட்டுக்குப் போய்விடுவார்.

"நாம கொழுந்து பறிக்கிறவங்க, நமக்கென்ன?" என்று கேட்கலாம். கறுப்புத் தேயிலைக்கு ஐரோப்பாவில் எந்த நாட்டுக்கும் வரியில்லை என்பது உண்மைதான். ஆனால் நம் லயத்துப் பெண்பிள்ளைகள் கட்டுநாயக்கவில் தையல் மெஷினுக்கு முன்னால் இருக்கிறார்களே! அவர்கள் அனுப்பும் காசில்தானே தம்பி படிக்கிறான்?

இந்தச் சலுகைக்கு நிபந்தனை உண்டு. 27 சர்வதேச சமவாயங்களை நாடு மதிக்க வேண்டும். மனித உரிமைச் சமவாயங்கள் மூன்று சரியாக நடைமுறையில் இல்லை என்று 2010 ஆகஸ்டில் சலுகை நிறுத்தப்பட்டது. 2017 மே மாதத்தில்தான் திரும்பக் கிடைத்தது. தொழிலாளர் சம்பந்தப்பட்ட எட்டுச் சமவாயங்களும் அந்த 27இல் அடங்கும். சங்கம் சேரும் உரிமை, ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம், கட்டாய வேலை கூடாது, சிறுவரை வேலைக்கு வைக்கக் கூடாது என்பவை அவற்றில் உள்ளன.

ஆகவே கொழும்பில் போட்ட கையெழுத்து நம் லயத்து வாசலில்தான் உண்மையாகிறது. "குறையை வெளியே சொல்லாதீங்க, சலுகை போயிடும், பிள்ளைகளுக்கு வேலை போயிடும்" என்று சிலர் பயமுறுத்துவார்கள். குறையை மூடி வைத்தால் அது வளரும். பார்வையிட வருகிறவர்கள் தொழிற்சங்கங்களிடமும் விசாரிக்கிறார்கள். உள்ளதைச் சொல்வோம். குறையைத் திருத்துவதுதான் சலுகைக்குப் பாதுகாப்பு.

நம் பங்கும் இருக்கிறது. 2021இல் திருத்திய சட்டப்படி 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை வேலைக்கு வைக்க முடியாது. கஷ்டம் நமக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் கடைக்கோ, பட்டணத்து வீட்டு வேலைக்கோ பிள்ளையை அனுப்பாதீர்கள். தரகர் முற்பணத்தோடு வந்தால் காசை வாங்குவதற்கு முன் சங்கத் தலைவரிடமோ நம்மிடமோ வந்து ஒரு வார்த்தை பேசுங்கள்.