கையெழுத்துப் போட்ட தாள்



பட்டம் வாங்க வந்திருக்கும் பிள்ளைகளே, இன்னும் சற்று நேரத்தில் உங்கள் கைக்கு ஒரு தாள் வரப்போகிறது. நானும் ஒரு தாளைப் பற்றித்தான் பேச வந்தேன்.

2010-இல் பிரிட்டனில் தேர்தல் நேரம். கல்விக் கட்டண உயர்வை எதிர்த்தே வாக்களிப்பேன் என்று, மாணவர் சங்கம் நீட்டிய உறுதிமொழித் தாளில் லிபரல் டெமாக்ரட் கட்சித் தலைவர் நிக் கிளெக் கையெழுத்துப் போட்டார். தாளைப் பிடித்தபடி படமும் எடுத்துக்கொண்டார். பிள்ளைகள் நம்பினார்கள். மே மாதம், 57 இடங்களோடு கூட்டணி ஆட்சியில் சேர்ந்து துணைப் பிரதமரானார். டிசம்பரில், ஆண்டுக்கு 3,290 பவுண்டாக இருந்த கட்டண வரம்பை 9,000 பவுண்டாக்கும் தீர்மானம் வந்தது. கிளெக் அதை ஆதரித்து வாக்களித்தார்.

அவர் கட்சியிலேயே 21 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். அவர்கள் பெயரை இன்று யாரும் சொல்வதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

2012 செப்டம்பரில் கிளெக் மன்னிப்புக் கேட்டார். எதற்காக என்பதைக் கவனியுங்கள். வாக்கை மீறியதற்காக அல்ல. நிறைவேற்ற முடியும் என்ற உறுதி இல்லாமலே வாக்குக் கொடுத்ததற்காக. கூட்டணியில் சின்னக் கட்சி, கஜானாவிலோ பணமில்லை. அவருடைய நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. கல்விக் கடன் வாங்கிப் படித்தவர்கள் இந்த அரங்கில் இருப்பீர்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மக்கள் கணக்குத் தீர்த்தார்கள். 2015-இல் கட்சிக்கு 8 இடம்தான் மிஞ்சியது. 2017-இல், மாணவர்கள் நிறைய வசிக்கும் ஷெஃபீல்ட் ஹாலம் தொகுதியில் அவரே தோற்றார்.

அடுத்த ஆண்டு அக்டோபரில் ஃபேஸ்புக்கில் வேலைக்குச் சேர்ந்தார். 2022-இல் அதன் தாய் நிறுவனமான மெட்டாவில் உலக விவகாரங்களுக்கான தலைவரானார். அதற்கு முன்பே, 2021 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்டதும் டிரம்பின் கணக்கை நிறுவனம் முடக்கியது. முடக்கம் இரண்டாண்டு என்று ஜூனில் அறிவித்தவர் கிளெக். 2023 ஜனவரியில், கணக்கைத் திருப்பித் தருகிறோம் என்று அறிவித்தவரும் அவரே.

அது சரியா தவறா என்பதை விடுங்கள். அவர் நாடாளுமன்றத்தில் இருந்தபோது 21 பேர் எழுந்து எதிர்க்க முடிந்தது. ஷெஃபீல்டில் ஒரு மாணவி வாக்குச்சீட்டால் அவரைக் கேள்வி கேட்க முடிந்தது. மெட்டாவில் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் கேட்க எந்த ஊரிலும் வாக்குப்பெட்டி இல்லை. 2025 ஜனவரியில், விலகுவதாக அவரே அறிவித்தார்.

நீங்கள் போய் உட்காரப்போகும் நாற்காலிகளில் பலவும் அப்படிப்பட்டவைதான்.

வாருங்கள், உங்கள் தாளை வாங்கிக்கொள்ளுங்கள்.