புது ஊரில் முதற் சில நாட்கள்

(ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இவ்வூருக்குப் புதிதாக வந்திருக்கும் இளைஞர்களுக்கு நாலு வார்த்தை சொல்லுமாறு செயலாளர் பணித்தார். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து, இரயில்வேக் கணக்கேடுகளோடு காலந்தள்ளும் எங்களைப் போன்றோர்க்கு மேடை பழக்கமில்லை. ஆனால் ஊருக்குப் புதியவராய் நின்ற அனுபவம் நிரம்ப உண்டு.

2003-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், ஓரூர்க்காரராகிய நாங்கள் இருவர், ஆளுக்கொரு தோள்பையும் வேலை உத்தரவுமாக வந்தோம். ஜோலார்பேட்டையில் விழித்து, பங்காருப்பேட்டையில் நடுங்கி, கண்டோன்மெண்ட் நிலையத்தில் இறங்கியபோது பொழுது புலரவில்லை. வேலூர் வெயிலில் வளர்ந்த எங்களிடம் கம்பளி ஏது? படுக்கைப் போர்வையையே போர்த்திக்கொண்டு நின்றோம். அருகில் ஒருவர் “தண்டு, தண்டு” என்றார். கீரைத்தண்டு விற்கிறாரோ என்று திகைத்தோம். கன்னட மக்கள் அந்நிலையத்துக்கு வழங்கும் பெயரே அதுவெனப் பின்னர் அறிந்தோம். தண்டு என்றால் படை. நம் பழந்தமிழிலும் அச்சொல்லுக்கு அப்பொருள் உண்டன்றோ?

1809-இல் ஆங்கிலேயர் இங்குப் படைவீடு அமைத்தபோது, சென்னை மாகாணத்துச் சிப்பாய்களோடு வணிகரும் சமையற்காரரும் கொத்தரும் வந்து குடியேறினர். ஜோலார்பேட்டையிலிருந்து இருப்புப்பாதை வந்ததோ 1864-இல்தான். அதுவரை அவர்கள் மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் ஏறிவந்த வழியை நாங்கள் உறங்கிக்கொண்டே கடந்துவிட்டோம். எனவே எங்கள் துன்பத்தைப் பெரிதுபடுத்தக் கூச்சமாகவே இருக்கிறது.

அல்சூரில் ஒரு மாடியறை கிடைத்தது. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது அன்று இவ்வூர் வழக்கமாக இருந்தது. எங்கள் உடைமை முழுவதையும் விற்றாலும் அத்தொகை தேறாது! வீட்டுக்கார அம்மையார் கன்னடத்தவர். எங்கள் முகத்தைப் பார்த்து இரண்டு மாத வாடகையோடு விட்டுவிட்டார். அன்றிரவு இராகிக் களியும் சாறும் இட்டார். இரண்டாம் உருண்டை முடிந்ததும் “சாகா?” என்று வினவினார். நண்பர் முகம் வெளுத்துவிட்டது. “போதுமா?” என்பதே அதன் பொருளெனக் கீழ்வீட்டுத் தையற்காரர் விளக்கிய பின்னரே அவருக்கு மூச்சு வந்தது.

அது சிரிப்போடு போயிற்று. மற்றொன்று அப்படிப் போகவில்லை. பயிற்சிக்காக ஒரு சிறு நிலையத்தின் சீட்டுச் சாளரத்தில் நண்பரை அமர்த்தினர். கிராமத்துப் பெரியவர் ஒருவர் “எண்ட்டு” என்று கேட்டார். நம் பேச்சு வழக்கில் “ரெண்டு” என்பதாகக் கொண்டு நண்பர் இரண்டு சீட்டுக் கொடுத்தார். கன்னடத்தில் அது எட்டு. இரண்டு என்பது “எரடு”. வண்டி நுழைந்துவிட்டது, பெரியவரின் குடும்பத்தில் அறுவர் மேடையிலேயே நின்றனர். வரிசையில் எழுந்த ஏச்சுக்கு மறுமொழி சொல்லவும் நண்பருக்கு மொழியில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் தமிழர் மன்றம் ஒன்றைத் தேடிப் போனார். உள்ளே கூட்டம் நடந்துகொண்டிருந்தது. அழைப்பிதழ் இல்லையே என்று வாயிலிலேயே நின்றுவிட்டுத் திரும்பினார். துணைக்கு அழைத்தும் நாங்கள் போகவில்லை. இரவுப் பணி முடிந்த அசதி என்றோம். பன்னிரண்டாம் நாள் அவருடைய பை அறையில் இல்லை. ஊருக்குச் சென்றவர் வேலைக்குத் திரும்பவேயில்லை. அன்று முதல் இருப்பவர் ஒருவரே. ஆயினும் “நாங்கள்” என்று சொல்லும் பழக்கம் மட்டும் போகவில்லை.

அதன் பிறகே கன்னடத்தை ஊன்றிக் கற்றோம். நிலையப் பெயர்ப்பலகைகளே அரிச்சுவடி. நம் பகரம் அங்குப் பல சொற்களில் ஹகரமாகிறது: பால் ஹாலு, பல் ஹல்லு, பூ ஹூ, புலி ஹுலி, பத்து ஹத்து. இதைக் கண்டுகொண்ட நாளில் பாதிக் கன்னடம் ஏற்கெனவே வீட்டில் இருந்ததுபோல் தோன்றிற்று. பன்னிரண்டு நாளுக்குள் இதை எவரேனும் சொல்லியிருந்தால் அவரும் இருந்திருப்பாரோ? அறியோம்.

இளைஞர்களே! இனி ஞாயிறுதோறும் காலை பத்து மணி முதல் பகல் ஒரு மணி வரை, நம் சங்க வாயிலில் நாங்கள் ஒரு நாற்காலி போட்டு அமர்ந்திருப்போம். வாடகை இடம், கன்னட முதற்பாடம், மருத்துவமனைக்கு வழி, எது வேண்டுமாயினும் வந்து கேளுங்கள். அழைப்பிதழ் தேவையில்லை.