'வா' என்றால் வரும் நாய்



மாலை நேரம். வேலைக்காட்டிலிருந்து திரும்பிய அப்பா வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறார். புதுச் செருப்பு கடித்துக் குதறிக் கிடக்கிறது. வேலியோரம் படுத்திருக்கும் நாயைப் பார்த்து, "மணி, வா!" என்கிறார். அது வாலைக் குழைத்துக்கொண்டு ஓடி வருகிறது. வந்ததும் முதுகில் பிரம்படி. "இனிமேல் செருப்பைத் தொடுவாயா?"

நேயர்களே, அந்த அடியால் மணி கற்ற பாடம் என்ன? செருப்பைக் கடித்தது காலையில். அடி விழுந்ததோ மாலையில். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க நாயால் முடியாது. அதற்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கூப்பிட்டார்கள், போனேன், அடி விழுந்தது. ஆகவே, கூப்பிட்டால் போகக்கூடாது!

மறுநாள் மணி தோட்டத்துச் சாலையின் நடுவே நிற்கிறது. செம்பனைக் குலை ஏற்றிய லாரி வருகிறது. "மணி, வா!" என்று பிள்ளை கத்துகிறான். நாய் திரும்பிப் பார்க்கிறது. ஆனால் வரத் தயங்குகிறது. அதன் உயிரைக் காக்க வேண்டிய சொல்லை நாமே கெடுத்துவிட்டோம் அல்லவா?

அப்படியானால் நாயை எப்படிப் பழக்குவது? அமெரிக்க அறிஞர் எட்வர்ட் தார்ண்டைக், 1898இல் பசித்த பூனைகளைக் கூண்டில் அடைத்து, வெளியே உணவு வைத்து ஆராய்ந்தார். பூனை முதலில் தற்செயலாகத்தான் கதவைத் திறந்தது. உணவு கிடைத்த பின், முறைக்கு முறை விரைவாகத் திறந்தது. நன்மை தரும் செயலையே உயிர்கள் திரும்பச் செய்கின்றன. பின்னர் ஸ்கின்னர் என்ற அறிஞர், வீட்டிலேயே பிராணிகளைப் பழக்கும் முறையை 1951இல் ஒரு கட்டுரையாக எழுதினார். பலன் உடனுக்குடன் கிடைக்க வேண்டும் என்பது அவர் வலியுறுத்திய கருத்து.

இதற்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. அவித்த கோழி ஈரலையோ, எலும்பில்லாத இறைச்சியையோ கடலை அளவில் நறுக்கிக்கொள்ளுங்கள். உப்புக் கருவாடும் வெங்காயம் சேர்ந்த குழம்பும் வேண்டாம். இரவுச் சாப்பாட்டுக்கு முன், நாய்க்குப் பசியிருக்கும் நேரத்தில், வீட்டுக்குள் இரண்டடி தள்ளி நின்று "வா" என்று ஒரே முறை சொல்லுங்கள். அது வந்த அந்த நொடியே "சபாஷ்" என்று சொல்லி ஒரு துண்டு கொடுங்கள். ஐந்து நிமிடம் போதும். வீட்டில் அனைவரும் அதே சொல்லைச் சொல்ல வேண்டும். அம்மா "வா" என்றும், அண்ணன் "கம்" என்றும் கூப்பிட்டால் நாய் குழம்பிப்போகும்.

வீட்டுக்குள் தவறாமல் வந்தால் அடுத்து முற்றம்; அதன் பிறகு நீளக் கயிற்றில் கட்டி வெளியே. அவசரப்பட வேண்டாம். நன்றாகப் பழகிய பிறகு ஒவ்வொரு முறையும் தீனி வேண்டியதில்லை. சில வேளை தீனி, சில வேளை தட்டிக்கொடுத்தல். நான்கு நம்பர் எடுப்பவர், என்றோ ஒரு நாள் அடித்ததை நினைத்து மறுபடியும் எடுப்பதில்லையா? நாயும் அப்படித்தான்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். குளிப்பாட்டவோ, சங்கிலியில் கட்டவோ "வா" என்று அழைக்காதீர்கள். நீங்களே அருகில் போய்ப் பிடித்து வாருங்கள். தப்புச் செய்துவிட்டு வந்தாலும், வந்ததற்காக அதைப் பாராட்டுங்கள். செருப்பை நாம்தான் உயரே எடுத்து வைக்க வேண்டும்.

"எங்கள் நாய் மோட்டார் சைக்கிளைத் துரத்துகிறதே?" என்று ஜெராமிலோ ஈஜோக்கிலோ இருக்கும் ஒருவர் கேட்கலாம். துரத்தினால் வண்டி போய்விடுகிறது. 'நான்தான் விரட்டினேன்' என்று நாய்க்கு வெற்றி. அந்த வெற்றியே அதற்குக் கூலி. எனவே கயிற்றில் வைத்துக்கொண்டு, வண்டிச் சத்தம் தொலைவில் கேட்கும்போதே "வா" என்று அழைத்துத் தீனி கொடுங்கள். நாளடைவில் வண்டிச் சத்தம் கேட்டாலே உங்கள் முகத்தைப் பார்க்கும். அது பழகும் வரையில் அவிழ்த்துவிடாதீர்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளையும், அந்த வழியே வரும் கம்பத்துக்காரரும் அச்சமின்றி நடக்க வேண்டும்.

சரவாக்கில் 2017இல் வெறிநாய்க்கடி நோய் பரவி உயிர்கள் போனதை நாம் அறிவோம். எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நாயை வதைப்பது சட்டப்படியும் குற்றம். 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டத்தின்படி கொடுமைக்கு 20,000 வெள்ளிக்குக் குறையாத அபராதமோ, சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆனால் சட்டத்துக்குப் பயந்து மட்டும் பிரம்பைக் கீழே போட வேண்டாம். அடிக்குப் பயந்த நாய் அடிக்கும் கையைத்தான் கவனிக்கும். அன்போடு பழகிய நாய் நம் சொல்லைக் கவனிக்கும்.

இன்றிரவே இரண்டடி தூரத்தில் தொடங்கிப் பாருங்கள்.