டீசலுக்கு அடியில் தண்ணீர்



போன குறுவையில் நாற்றங்காலுக்குத் தண்ணீர் இறைத்துக் கொண்டிருந்த ஒரு ஆயில் என்ஜின் நடுவிலே நின்று போயிற்று. மெக்கானிக் வந்தார், நாசிலை மாற்றினார். ஓடியது. பத்து நாளில் மறுபடி நின்றது, மறுபடி நாசில் மாற்றினார்கள். நான் போனபோது அந்தப் பெரியவர், "என்னங்கய்யா, கம்பெனி நாசிலே சரியில்லீங்களே" என்றார். கோளாறு நாசிலில் இல்லை. கொட்டகை ஓரமாக வானம் பார்க்க நிமிர்ந்து நின்றதே ஒரு டீசல் பேரல், அதில் இருந்தது.

மழை பெய்தால் பேரலின் மேல் தகட்டில் தண்ணீர் தேங்கும். மூடியைச் சுற்றித்தான் அது நிற்கும். பகல் வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியே போகிறது. இரவில் குளிர்ந்து சுருங்கும்போது பேரல் மூச்சை உள்ளே இழுக்கிறது. மூடி இறுக்கமாக இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், மரையின் இடுக்கு வழியாக அந்தத் தண்ணீரையும் சேர்த்தே இழுத்துவிடும். பாதி காலியான டேங்கில் மழையே வேண்டாம். இரவுக் குளிரில் உட்புறத் தகடு வியர்த்துச் சொட்டுச் சொட்டாக இறங்கும்.

தண்ணீர் டீசலை விடக் கனமானது, அடியில் போய்த் தங்கும். தங்கினால் துருவோடு போயிற்றா என்றால் இல்லை. தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் வளர்கின்றன. டீசலையே தின்று வளரும் சாதி அவை! கறுப்பாக, வழவழவென்று பாசி மாதிரி டேங்கின் அடியில் படிந்திருப்பது அதுதான். அதிலிருந்து வரும் அமிலம் தகட்டை அரிக்கும், பாசி பில்டரை அடைக்கும். தண்ணீர் பம்ப் வரை போய்விட்டால் செலவு பெரிது. ஏனென்றால் டீசல் பம்பின் உள்ளே இருக்கும் இடைவெளி தலைமுடிக் கனத்தில் இருபதில் ஒரு பங்குகூட இராது.

உங்கள் டீசல் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒரு கண்ணாடி பாட்டில் போதும். பேரலின் அடியிலிருந்து எடுத்து ஓர் இரவு அசைக்காமல் வையுங்கள். காலையில் அடியில் தனியாக ஒரு மட்டம் தெரிந்தாலோ, டீசல் மோர்த்தண்ணீர் போலக் கலங்கலாகவே இருந்தாலோ, அதை என்ஜினில் ஊற்றாதீர்கள்.

டேங்கைச் சுத்தம் செய்வதை வெட்டவெளியில், என்ஜின் ஆறிய பிறகு செய்ய வேண்டும். பீடி, அடுப்பு எதுவும் பக்கத்தில் கூடாது. முதலில் மேலாக இருக்கும் தெளிந்த டீசலைக் கைப்பம்ப் வைத்து வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். அடியில் நாலு விரல் உயரம் இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். வாயால் டியூபில் உறிஞ்சவே கூடாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படிச் செய்து ஒரு வாய் குடித்தவன். வயிற்றுக்குப் போனதை விட, புரையேறி நுரையீரலுக்குப் போனால்தான் ஆபத்து. யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

அடியில் நின்ற கசடை ஒரு தகர டின்னில் பிடித்து வையுங்கள். வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ கொட்ட வேண்டாம். டேங்கைக் கழற்றி, ஒன்றிரண்டு லிட்டர் நல்ல டீசல் விட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, குலுக்கி ஊற்றுங்கள். தெளிவாக வரும்வரை இப்படியே. பெட்ரோல் விட்டுக் கழுவுவது உயிரோடு விளையாடுவது. பஞ்சு வேஸ்ட்டால் துடைத்தால் நார் உள்ளே தங்கிவிடும், பழைய வேட்டித் துணிதான் நல்லது. டேங்கில் ஓட்டை கண்டால் அப்படியே பற்றவைக்கக் கொடுத்துவிடாதீர்கள். காலி டேங்குதானே என்பார்கள்; உள்ளே ஒட்டியிருக்கும் டீசல் சூட்டில் ஆவியாகி வெடிக்கும்.

மாற்றி வைத்த டீசலை ஒரு நாள், ஓர் இரவு அசையாமல் வைத்து, மேலாக எடுத்து, நெருக்கமான கம்பி வலைப் புனலில் வடிகட்டுங்கள். துணி வைத்து வடிகட்டிவிட்டேன் என்று திருப்திப்பட முடியாது. துணி தூசியைப் பிடிக்குமே தவிரத் தண்ணீரை விட்டுவிடும். தண்ணீரைப் பிரிப்பது பொறுமைதான்.

பில்டர் விஷயம் சுருக்கமாக. காகித பில்டரைக் கழுவிப் போடாதீர்கள், புதிது போடுங்கள். துணி பில்டர் என்றால் சுத்தமான டீசலில் அலசலாம். மாட்டியபின் ஏர் எடுக்க வேண்டும்: திருகைத் தளர்த்தி, நுரையில்லாமல் டீசல் வரும்வரை கைநெம்பை அடித்து, பிறகு முறுக்குங்கள். நாசில் பீய்ச்சுகிறதா என்று பார்க்கும்போது கையை எதிரே நீட்டாதீர்கள். அந்த வேகம் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். துளி அளவுதானே என்று விட்டால் விரலே போகக்கூடும், அன்றைக்கே ஆஸ்பத்திரி போக வேண்டும்.

இனிமேல் பேரலை நிழலில், கட்டைமேல் படுக்க வைத்து, இரண்டு மூடிகளும் ஒரே மட்டத்தில் பக்கவாட்டில் இருக்கும்படி வையுங்கள். டீசல் மூடியை நனைத்துக் கொண்டிருந்தால் மழைத்தண்ணீர் நுழைய வழியில்லை. துத்தநாகம் பூசிய டின் வேண்டாம், டீசலோடு சேர்ந்து அது கசடு கட்டும். மாலையில் வேலை முடிந்ததும் என்ஜின் டேங்கை நிரப்பி வையுங்கள். காற்றுக்கு இடமில்லாவிட்டால் வியர்வையும் இல்லை.

அந்தப் பெரியவரின் பேரலில் இருந்து அன்றைக்கு இரண்டு செம்பு தண்ணீர் எடுத்தோம். மூன்றாவது நாசில் வாங்கப் போனவரை வழியிலேயே கூப்பிட்டுத் திருப்பிவிட்டார்.