பயனற்ற கோபுரம்

"செய்யுளாற் பயனென்ன, ஐயா?" என்று உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான். நேயர்களே, அவனுக்கு நான் ஓர் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞரின் கதையைக் கூறினேன்.

1821இல் ஹல் நகரிற் பிறந்த கத்பேர்ட் புரொட்றிக், முப்பது வயதளவில், லீட்ஸ் நகர மண்டபத்தை அமைப்பதற்கான போட்டியில் வென்றார். ஆரம்பத் திட்டத்திற் கோபுரம் இருக்கவில்லை. கோபுரம் வீண்செலவென நகரசபையிற் சிலர் எதிர்த்தனர். ஈற்றில் 225 அடிக் கோபுரம் எழுந்தது. 1858இல் விக்டோரியா மகாராணியார் மண்டபத்தைத் திறந்துவைத்தார்.

அந்நகரின் தானியச் சந்தையும் ஸ்கார்பரோவின் கிராண்ட் ஹொட்டலும் அவர் படைப்புகளே. ஆயினும் நடுவயதிலேயே நாட்டை நீங்கிப் பிரான்சிற் குடியேறினார். 1905இல் ஜேர்சித் தீவில் மறைந்தார்.

கூட்டம் கூட மண்டபம் போதும். ஊரை அண்ணாந்து பார்க்கவைப்பது கோபுரமே. செய்யுளும் அத்தகையதே.